ஆளுக்கொரு சுவர்

இது நீண்ட பதிவு. வேலைக்கு நடுவில் படிக்க வேண்டாம். சாயங்காலம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் நம் பக்கத்து ஊர்ப்பெயர்கள் பற்றி எழுதியிருந்தேன். துபாயில் இருக்கும் மாணவன் ஒருவன், "டீச்சர், நீங்க போடுறது எனக்கு வரவே மாட்டேங்கு" என்று குறைபட்டான். அதே வாரம் என் அத்தை மகள், "போனைத் திறந்தாலே உங்க பதிவுதான் மதினி வந்து நிக்குது" என்றாள். இருவரும் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள்தான். ஒருவருக்குக் காட்டியதை இன்னொருவருக்கு ஏன் காட்டவில்லை? இதை முடிவு செய்வது யார், எப்போதிலிருந்து? சமூக அறிவியல் எடுத்தே காலம் தள்ளியவளுக்கு, எந்தக் கேள்வியானாலும் அதன் வரலாற்றைத் தேடினால்தான் தூக்கம் வரும். தேடிப் படித்ததை எழுதுகிறேன்.

இன்னார்க்கு இன்னது பிடிக்கும் என்று எடுத்துக் கொடுப்பது புதிய சங்கதி இல்லை. எங்கள் சிறுவயதில் நம் பக்கமெல்லாம் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். நேயர் விருப்பத்துக்குத் தபால் அட்டை எழுதிப் போடுவார்கள். பாட்டு போடுவதற்கு முன்னால் கேட்டவர்களின் பெயரையும் ஊரையும் வாசிப்பார்கள். அம்பாசமுத்திரம், ஆலங்குளம், ஏரல் என்று நம் ஊர்ப்பெயர் வருகிறதா என்று கேட்பதில்தான் பாதி சுவாரசியம். யார் விரும்பினார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். பாட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். அடுத்த வீட்டு ரேடியோவில் வேறு பாட்டு ஓடாது.

இன்னொன்று நூலகம். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் முதலில் கணக்கு ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்துப் புத்தகமாக வெளியிட்டார். உலகம் முழுக்க இன்றும் நூலகம் படிப்பவர்கள் அதைப் படிக்கிறார்கள். வாசகனுக்குத் தேவையான புத்தகம் அவனுக்குக் கிடைக்க வேண்டும் என்பது ஒரு விதி. ஒவ்வொரு புத்தகமும் தனக்குரிய வாசகனைச் சென்றடைய வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்தால் இன்றைய கம்ப்யூட்டர்க்காரர்கள் செய்வதாகச் சொல்லும் வேலையேதான். ஆனால் நான்காவது விதி ஒன்று இருக்கிறது. வாசகனின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்கிறது அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்ததற்குப் பின்னால் ரங்கநாதனின் பல வருட உழைப்பு உண்டு. பாளையங்கோட்டையிலும் அம்பையிலும் கிளை நூலகத்தில் உட்கார்ந்து படித்து வேலைக்குப் போன என் மாணவர்கள் பலர், அந்தச் சட்டத்துக்குக் கடன்பட்டவர்கள்.

மூன்றாவதுதான் நம் ஊருக்கே உரியது. சுவர். நம் மாவட்டத்துக்காரனுக்குச் சுவரைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். சினிமா போஸ்டர், பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, கொடை விழா, சங்க மாநாடு எல்லாம் ஒரே சுவரில்தான். ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத் தூணில் ஒட்டியதைத் தென்காசி போகிறவனும் பார்ப்பான், திருச்செந்தூர் போகிறவனும் பார்ப்பான். யாரைத் திட்டி ஒட்டினார்களோ அவனும் பார்ப்பான். போலீசும் பார்க்கும். ஆசிரியரும் பார்ப்பார். பிடிக்காதவன் கிழித்துப் போடுவான், அல்லது சாணி அடிப்பான்.

அந்தச் சுவரைப் பொற்காலம் என்று நினைத்துவிட வேண்டாம். இளைய பிள்ளைகளுக்குத் தெரியாது, நம் மாவட்டத்துக்கு நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று பெயர் இருந்தது. 1986இல் தூத்துக்குடியைப் பிரித்து அதற்கு வ.உ.சிதம்பரனார் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். பஸ்களில் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் என்று எழுதியிருக்கும். இன்றும் கே.டி.சி. நகர் என்கிறோமே, அந்த மூன்று எழுத்தும் அதன் மிச்சம்தான். 1995இல் வீரசிகாமணியில் பள்ளி மாணவர்களுக்கும் ஒரு பஸ் டிரைவருக்கும் நடந்த தகராறு, சாதிச் சண்டையாகி மாவட்டம் முழுக்கப் பரவியது. அந்த ஆகஸ்ட் 31ஆம் தேதி கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுகளைச் சூறையாடியதை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கியபோது அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. மறுபடியும் தென்மாவட்டங்களில் உயிர்ச்சேதம். கடைசியில் அரசு அந்த ஆண்டே எல்லா மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. ஒரு பாவமும் அறியாத கட்டபொம்மனும் வ.உ.சி.யும் சேர்ந்து போனார்கள்.

(சாதிகளின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். யாரும் யாரையும் இழுத்துச் சண்டைக்கு வர வேண்டாம்.)

அரசு எடுத்த முடிவு சரியா தப்பா என்பதல்ல இங்கே என் கேள்வி. அப்படி ஒரு முடிவு எடுக்க முடிந்தது என்பதைக் கவனியுங்கள். சண்டைக்குக் காரணமான எழுத்து பஸ்ஸின் மேல், எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி இருந்தது. பெயின்ட் அடித்து அழித்தார்கள். சுவரொட்டியில் விஷம் இருந்தால் கிழித்தார்கள், அச்சடித்த பிரஸ் எது என்று விசாரித்தார்கள். இன்றைக்கு எதை அழிப்பது?

இனி இயந்திரத்தின் கதைக்கு வருகிறேன்.

1992இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி மையத்தில் சிலர் ஒரு கட்டுரை எழுதினார்கள். அலுவலகத்தில் மின்னஞ்சல் குவிகிறது, எதைப் படிப்பது என்று தெரியவில்லை என்பதுதான் அவர்களின் பாடு. படித்தவர்கள் சொல்லும் குறிப்பை வைத்து, படிக்காதவர்களுக்கு எது தேவை என்று பிரித்துக் கொடுக்க ஒரு ஏற்பாடு செய்தார்கள். அதற்குக் கூட்டு வடிகட்டல் என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தார்கள். 1994இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தாரும் எம்.ஐ.டி.யைச் சேர்ந்தவர்களும் அதையே இணையச் செய்திகளுக்குச் செய்து காட்டினார்கள். படித்துவிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். உன்னைப்போலவே மதிப்பெண் போடுகிறவர் யார் என்று பார்த்து, அவருக்குப் பிடித்ததை உனக்குக் காட்டும்.

இது எப்படி நடக்கிறது என்பது ஆசிரியர் வேலை பார்த்தவர்களுக்குச் சுலபமாக விளங்கும். வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் பிள்ளைகளின் பெயர். மேலே தேதிக்குப் பதிலாகப் பாட்டுகளின் பெயர். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாட்டு பிடிக்குமோ அந்தக் கட்டத்தில் ஒரு டிக். பெரும்பாலான கட்டங்கள் காலியாகத்தான் இருக்கும், எல்லாப் பாட்டையும் யாரும் கேட்டிருக்க முடியாது. மூன்றாம் நம்பர் பிள்ளையின் டிக்கும் பதினேழாம் நம்பர் பிள்ளையின் டிக்கும் பத்தில் எட்டு இடத்தில் ஒத்துப்போகிறது. அப்படியானால் மூன்றாம் நம்பர் இன்னும் கேட்காத, பதினேழு டிக் போட்ட பாட்டை மூன்றுக்குக் கொடு. அவ்வளவுதான். பாட்டு எதைப் பற்றியது, நல்லதா கெட்டதா, என்ன பாஷை என்று இயந்திரத்துக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பிள்ளை யார் என்றும் தெரிய வேண்டாம். கட்டங்கள் போதும்.

அமேசான் கம்பெனி 1998இல் பதிவேட்டைத் திருப்பிப் பிடித்தது. ஆளுக்கு ஆள் ஒப்பிடாமல் பொருளுக்குப் பொருள் ஒப்பிட்டது. டவுனில் அல்வா வாங்குகிறவர் கூடவே மிக்சரும் வாங்குகிறார் என்றால், அடுத்தாற்போல் அல்வா கேட்பவரிடம் மிக்சரை எடுத்து நீட்டு. நம் கடைக்காரர்கள் யாரும் கணினி படிக்காமலே செய்த வேலை. நெட்ஃபிளிக்ஸ் 2006இல் போட்டி வைத்து, தன் கணக்கை 10 சதவீதம் மேம்படுத்துகிறவருக்கு 10 லட்சம் டாலர் என்றது. 2009இல் ஒரு குழு அதை வாங்கியது.

இதுவரை வந்ததில் நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். உனக்கு என்ன பிடித்தது என்று உன்னையே கேட்டார்கள், நீயும் யோசித்து மதிப்பெண் போட்டாய். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்கள். நீ எதில் நின்றாய், எத்தனை விநாடி நின்றாய், எதைத் திரும்பப் பார்த்தாய் என்று கவனிக்கத் தொடங்கினார்கள். யூடியூப் 2012இல் தன் கணக்கை மாற்றியது. எத்தனை பேர் தொட்டார்கள் என்பதைவிட, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முதலிடம் கொடுத்தது. ஏமாற்றுத் தலைப்பு வைத்துத் தொட வைப்பவர்களைத் தடுக்க அதில் ஒரு நியாயமும் இருந்தது. 2018இல் அதன் அதிகாரி ஒருவரே, மக்கள் யூடியூபில் பார்க்கும் நேரத்தில் 70 சதவீதத்துக்கும் மேல் பரிந்துரையால் வருவது என்றார். ரங்கநாதனின் நான்காவது விதியை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? ஒரு கணக்கு ஆசிரியர் வாசகனின் நேரத்தை மிச்சப்படுத்தக் கணக்குப் போட்டார். இவர்கள் அதே நேரத்தை எடுத்துக்கொள்ளக் கணக்குப் போட்டார்கள்.

ஃபேஸ்புக்கில் ஆரம்பத்தில் யார் பக்கத்தைப் பார்க்க வேண்டுமோ அங்கே நாமே போக வேண்டும். 2006 செப்டம்பரில்தான் எல்லார் சேதியையும் ஒரே இடத்தில் கொட்டிக் காட்டும் ஏற்பாடு வந்தது. அமெரிக்க மாணவர்கள் லட்சக்கணக்கில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், வேவு பார்ப்பதுபோல் இருக்கிறது என்று. கம்பெனி சில மாற்றங்கள் செய்துவிட்டுத் தொடர்ந்தது. சேதி பெருகப் பெருக, எது மேலே எது கீழே என்று வரிசைப்படுத்த வேண்டியதாயிற்று. துபாய் மாணவனின் குறைக்கு விடை இதுதான். அவன் என் பதிவுகளில் நின்று பார்த்ததில்லை, லைக்கும் போட்டதில்லை. ஆகவே நான் அவனுக்குக் கீழே போய்விட்டேன். ஆனாலும் அவன் என்மேல் வைத்திருக்கும் மரியாதை பெரிது, ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வராமல் போக மாட்டான். அந்தக் கணக்குக்கு அது தெரியாது.

கோபத்தின் கதையையும் சொல்ல வேண்டும். சிரிப்பு, அழுகை, கோபம் என்று முகக்குறிகள் வந்தன அல்லவா? 2017 முதல் அவற்றில் ஒன்றைப் போட்டால் ஐந்து லைக்குக்குச் சமம் என்று ஃபேஸ்புக் கணக்கு வைத்திருந்தது. கோபக்குறிக்கும் அதே மதிப்பு. கோபக்குறி அதிகம் வாங்கும் பதிவுகளில் பொய்யும் வசையும் கூடுதலாக இருப்பதை அவர்களுடைய ஆய்வாளர்களே கண்டுபிடித்தார்கள். படிப்படியாகக் குறைத்து, 2020 செப்டம்பரில் கோபத்தின் மதிப்பைப் பூஜ்யமாக்கினார்கள். அங்கே வேலை பார்த்த பிரான்சிஸ் ஹாகன் என்ற பெண்மணி உள் ஆவணங்களை வெளியே கொடுத்ததால் 2021இல் இது உலகத்துக்குத் தெரிந்தது. வகுப்பில் கத்துகிற பிள்ளைக்கு ஐந்து மார்க், கையைத் தூக்கிப் பேசுகிற பிள்ளைக்கு ஒரு மார்க் என்று மூன்று வருஷம் போட்டால் அந்த வகுப்பு என்ன ஆகும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும்.

நம் பக்கம் இது வந்து சேர்ந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் தண்ணீர்போல மலிந்தது. அடுத்து டிக்டாக். அதில் ஒரு புதுமை. யாரையும் நண்பராக்க வேண்டாம், எதையும் தேட வேண்டாம். திறந்ததும் ஓடும். நீ எதில் நிற்கிறாய் என்பதை வைத்தே அடுத்ததைக் கொண்டுவரும். அதைத் தடுக்க வேண்டும் என்று நாட்டில் முதலில் உத்தரவிட்டது நம் மதுரைக் கிளை நீதிமன்றம்தான். 2019 ஏப்ரல் 3ஆம் தேதி இடைக்காலத் தடை, 24ஆம் தேதி நிபந்தனையோடு விலக்கல். 2020 ஜூன் 29இல் மத்திய அரசு, சீன எல்லைச் சண்டைக்குப் பிறகு, அது உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. தொலைந்தது சனியன் என்று பெற்றோர் பெருமூச்சு விட்டார்கள். ஜூலை 8ஆம் தேதியே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்துவிட்டது. அதே மாதம் மோஜ், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். செயலிதான் போனது, அந்த முறை போகவில்லை. அப்போது கொரோனா. பள்ளிக்கூடம் பூட்டு. ஆன்லைன் வகுப்புக்கு என்று கடன் வாங்கியாவது பிள்ளைகள் கையில் போனைக் கொடுத்தோம்.

நல்லது நடக்கவில்லை என்று சொன்னால் பொய். யாரும் மேடை கொடுக்காத வில்லுப்பாட்டுக்காரரும் கணியான் கூத்துக் கலைஞரும் ஆயிரக்கணக்கானவர்களைச் சென்றடைந்தது அந்தக் கட்டங்களால்தான். பழைய சுவரில் யாருக்கு இடம், டீக்கடை பெஞ்சில் யாருக்கு இடம், வாசகசாலைக்குள் யார் காலை வைக்கலாம் என்பதையெல்லாம் மனுஷர்கள்தான் முடிவு செய்தார்கள். அந்த மனுஷர்களின் லட்சணம் நமக்குத் தெரியும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு ஏழைப் பெண்ணுக்கு நல்ல கணக்கு வாத்தியாரை இயந்திரம் கொண்டுவந்து நிறுத்துகிறது, எந்தத் தெரு என்று கேட்காமல்.

ஆனால் கேட்காமலே தெருவைக் கண்டுபிடிக்கவும் அதற்குத் தெரியும். பதிவேட்டுக்குத் திரும்ப வாருங்கள். பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் சாதி என்று ஒரு கட்டம் உண்டு. இயந்திரத்தின் பதிவேட்டில் அந்தக் கட்டம் இல்லை. தேவையும் இல்லை. எந்தக் கோயில் கொடையின் மேளத்தில் நின்றான், எந்தத் தலைவர் படம் போட்ட பாட்டை இரண்டு தரம் கேட்டான், எந்தப் படத்து வசனத்தை நண்பனுக்கு அனுப்பினான்? ஒரு தெருவின் பிள்ளைகளுக்கு இந்த டிக்குகள் பெரும்பாலும் ஒத்துப்போகும். அடுத்த தெருவின் பிள்ளைகளுக்கு வேறு மாதிரி ஒத்துப்போகும். மூன்றும் பதினேழும் ஒன்று என்று இயந்திரம் சேர்க்கும்போது, தனக்கே தெரியாமல் ஊரின் தெருக்களைத் திரும்பக் கட்டிவிடுகிறது. பிறகு பதினேழாம் நம்பர் அரிவாள் படம் போட்ட வீடியோவில் நின்றால், அது மூன்றாம் நம்பருக்கும் வருகிறது. தலைவர்களின் நினைவு நாட்கள் வரும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அது மழைபோலக் கொட்டுகிறது.

என்னிடம் சாயங்காலம் பாடம் கேட்க இரண்டு பையன்கள் வருவார்கள். பத்தாம் வகுப்பு, ஒரே பள்ளி, வேறு வேறு தெரு. நல்ல சிநேகிதர்கள். ஒருநாள் போனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரீல்ஸைத் தள்ளச் சொன்னேன். கிரிக்கெட், நகைச்சுவை, புதுப்பட பாட்டு என்று முதலில் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே வந்தது. கொஞ்ச நேரத்தில் பிரிந்தது. இவன் போனில் இவன் பக்கத்து வீரவசனம், அவன் போனில் அவன் பக்கத்து வீரவசனம். இவனுடைய தெருவைக் கேலி செய்யும் ஒரு வீடியோ அவன் போனில் வந்து நின்றது. இவன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏல, உனக்கு எங்களப் பத்தி இப்படியால வருது?" என்றான். மற்றவன் முகம் சுருங்கிப் போயிற்று. "நான் தேடவே இல்ல டீச்சர், அதுவா வருது" என்று என்னிடம் சொன்னான். அவன் சொன்னது உண்மை. ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பேருக்கும் அடுத்தவன் சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது என்று அன்றுவரை தெரியாது. அவர்கள் ஆசிரியர்களுக்கும் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது.

2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வீட்டுக்குள் புகுந்து, கூடப் படித்த பிள்ளைகளே அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதற்கு இந்தப் போன்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கையில் கலர் கயிறு கட்டும் பழக்கம் ரீல்ஸுக்கு முந்தியது. 2019லேயே அதைப் பற்றிக் கல்வித்துறை சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. கயிற்றுக்கும் முந்தியது சாதி. நாங்குநேரிக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவை அரசு ஒருநபர் குழுவாக நியமித்தது. 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்கள் கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, வளாகத்தில் மாணவர்கள் செல்போன் வைத்திருக்கக் கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. எனக்கு எல்லாம் உடன்பாடே. கயிற்றைக் கையிலிருந்து அவிழ்க்கலாம், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. செல்போனையும் காலை ஒன்பதிலிருந்து நாலு வரை வாங்கி வைக்கலாம். நாலரைக்கு அந்தப் பிள்ளை மறுபடி தன் சுவருக்கு முன்னால்தான் உட்காரும்.

நம் ஊர் விஷயம் மட்டுமல்ல இது. 2019 பிப்ரவரி 4ஆம் தேதி ஃபேஸ்புக்கின் ஆய்வாளர் ஒருவர் இந்தியாவில் ஒரு போலிக் கணக்கு தொடங்கினார். ஒரே ஒரு விதி. தானாக எதையும் தேடக் கூடாது, அந்தச் செயலி எதைப் பரிந்துரைக்கிறதோ அதில் மட்டும் சேர வேண்டும், பார்க்க வேண்டும். இடையில் புல்வாமா தாக்குதல் நடந்தது. மூன்று வாரத்தில் அந்தக் கணக்கு முழுக்க வெறுப்பும் பொய்யும் பிணங்களின் படமுமாக நிறைந்தது. வாழ்நாள் முழுக்கப் பார்த்ததைவிட அதிகமான பிணப் படங்களை அந்த மூன்று வாரத்தில் பார்த்துவிட்டதாக ஆய்வாளரே எழுதி வைத்தார். அந்தக் கணக்குக்கு முன்பகை கிடையாது, சாதி கிடையாது, தெரு கிடையாது. அப்படிப்பட்ட கணக்குக்கே இந்தக் கதி.

வழி உண்டா என்றால், கொஞ்சம் உண்டு. ஐரோப்பாவில் 2023 ஆகஸ்ட் முதல் பெரிய நிறுவனங்கள், ஆளின் பழக்கத்தைக் கணக்கிடாத வரிசை ஒன்றையும் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் அதே மாதம் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளின் நடவடிக்கையைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்கிறது. விதிவிலக்கு கொடுக்கும் அதிகாரத்தையும் அரசு தன் கையில் வைத்துக்கொண்டிருக்கிறது. வக்கீலாக இருக்கும் என் மாணவர்கள் அந்தச் சட்டத்தின் ஒன்பதாவது பிரிவைப் படித்து, நம் ஊர்ப் பெற்றோருக்கு எளிமையாக எழுதினால் புண்ணியம்.

வீட்டில் செய்யக்கூடியது: யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரி என்பதை நிறுத்தி, பழையதையும் அழித்துவிட்டால், முகப்பு வெறும் பலகையாக இருக்கும். எது வேண்டுமோ அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் மேலே அதன் பெயரைத் தொட்டு ஃபாலோயிங் என்பதைத் தேர்ந்தால், நாம் தேர்ந்தெடுத்தவர்களின் பதிவுகள் நேர வரிசையில் வரும். 2016 வரை எல்லாருக்கும் அப்படித்தான் வந்தது. எடுத்துவிட்டு, 2022இல் திரும்பக் கொடுத்தார்கள். ஆனால் செயலியை மூடித் திறந்தால் பழைய வரிசைக்கே போய்விடுகிறது, ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டும். பெரியவர்கள் பிள்ளைகளின் போனைப் பிடுங்கிச் சோதனை போடாதீர்கள். ஒளிக்கக் கற்றுக்கொள்வார்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, "உனக்கு என்ன வருதுன்னு காட்டு, எனக்கு என்ன வருதுன்னு காட்டுதேன்" என்று உட்காருங்கள். சித்தப்பாமார்களே, உங்கள் போனில் வருவதைக் காட்ட உங்களுக்குத் தைரியம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேலை. ஏழாம், எட்டாம் வகுப்பில் ஒரு பீரியட் எடுங்கள். கரும்பலகையில் கட்டம் போட்டு, பத்துப் பிள்ளைகள், பத்துப் பொருள்கள் எழுதி, டிக் போடச் சொல்லி, காலிக் கட்டங்களைப் பிள்ளைகளையே கணக்கிட்டு நிரப்பச் சொல்லுங்கள். பாட்டு, நடிகர், தலைவர் எதையும் வைக்காதீர்கள், வம்பு. தின்பண்டம் போதும். அல்வா, மிக்சர், கருப்பட்டி மிட்டாய், பனங்கிழங்கு, மஸ்கோத். பனங்கிழங்குக்கு டிக் போட்ட பிள்ளைக்கு மஸ்கோத் கடைசி வரை வராமலே போகும். ஏன் வரவில்லை என்று அவர்களே கேட்பார்கள். அங்கிருந்து பாடத்தைத் தொடங்குங்கள். செய்து பார்த்தவர்கள் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள். சேர்த்து வைக்கிறேன்.